அமைதி யாருக்காக?

பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் தலையாய கடமை என்பதில் எவருக்கும் இரண்டாம் கருத்து இருக்க முடியாது. கோயில் வீதிகளில் நடைபெறும் பிரசங்கங்களும், பாடசாலைப் பாடநூல்களும், பெரியோரின் வாய்மொழியும் இக்கடமையைக் காலங்காலமாக வலியுறுத்தி வந்துள்ளன. எனினும் அக்கடமையை எவ்வாறு செய்வது என்ற வினாவுக்கு எல்லாக் காலத்திலும் ஒரே விடை கிடைப்பதில்லை. முன்னைய தலைமுறையினர் அதிகம் அறியாத ஒரு சோதனை இன்று பல வீடுகளின் விறாந்தை வரை வந்து நிற்கின்றது. அறிவு மங்கிய முதிய தாய்க்கோ தந்தைக்கோ கொடுக்கப்படும் மருந்து ஒரு துன்பத்தைக் குறைத்து வேறொரு துன்பத்தைக் கொண்டு வரும்போது பிள்ளை என்ன செய்ய வேண்டும்? அம்மருந்தைக் கொடுப்பது தருமமா, நிறுத்துவது தருமமா? இவ்வினாவைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அறுபது வயதை எட்டியவர்கள் சனத்தொகையில் 7 வீதத்துக்கும் குறைவாகவே இருந்தனர். 2012 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இத்தொகை 12 வீதத்தைத் தாண்டியது. ஆயுள் நீண்டதனால் முதுமைக்குரிய நோய்களும் வீட்டுக்கு வீடு தெரிய வந்துள்ளன. அவற்றுள் ஒன்று மறதி நோய். முன்னர் ஒருவர் வயது போய்ப் பேச்சுத் தடுமாறினால் "அறளை பெயர்ந்து விட்டது" என்ற ஒரு சொல்லோடு ஊர் அதனை விட்டுவிடும். அது முதுமையின் இயல்பு என்றே பலரும் எண்ணினர். 1906 ஆம் ஆண்டில் அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜேர்மனிய வைத்தியர், தமது ஐம்பதுகளில் நினைவு குழம்பி இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து, அதில் ஏற்பட்டிருந்த மாற்றங்களை எடுத்துக் காட்டினார். அறளை என்பது வெறும் வயதின் குணமன்று, அது மூளையைப் பற்றும் ஒரு நோய் என்பது பின்னர் உறுதியாயிற்று. நோய் என்றால் மருந்து உண்டு. மருந்து என்றால் அதற்கொரு பக்க விளைவும் உண்டு. சோதனை தொடங்குவதும் அங்கேதான்.

ஒரு வீட்டின் நிலை

கோயில் வீதியில் உள்ள ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்ளலாம். இத்தகைய வீடு இன்று எந்தக் கிராமத்திலும் உண்டு. எழுபத்தொன்பது வயதுத் தாய். நாற்பது வருடங்களாக வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையாருக்கு மாலை கட்டிக் கொடுத்த கை அவருடையது. மூத்த மகன் கனடாவில். மகள் உள்ளூர்ப் பாடசாலையில் ஆசிரியை. தாய் மகளுடன் இருக்கின்றார்.

முதலில் அடுப்பில் வைத்த பால் மறந்தது. பின்னர் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மறந்தன. பொழுது படும் வேளையில் ஒரு பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் வீட்டை போகவேணும், அம்மா தேடுவா" என்று படலையடிக்குச் செல்லத் தொடங்கினார். ஓர் இரவு மகளை உற்றுப் பார்த்து, "நீங்கள் ஆர் பிள்ளை?" என்று கேட்டார். பிறந்த நாள் முதல் "நீ" என்று அழைத்த வாய் "நீங்கள்" என்று மரியாதை கொடுத்தபோது மகள் குசினிக்குள் போய் அழுதாள்.

கிளினிக்கில் வைத்தியர் பரிசோதித்து நினைவாற்றலுக்கென ஒரு குளிசையை எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் தாய்க்குச் சோற்றைக் கண்டாலே ஓங்காளம் வந்தது. இரண்டு வாய்க்கு மேல் உண்ண மறுத்தார். "முரண்டு பிடிக்கிறா" என்று வீட்டார் எண்ணினர். பின்னர் படுக்கையில் சிறுநீர் போகத் தொடங்கியது. அதற்கென வேறோர் இடத்தில் வேறொரு குளிசை வாங்கப்பட்டது. அதன்பின் வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, குழப்பம் முன்னையிலும் கூடியது. இரவிரவாகக் கத்தினார். அயல் முழுவதும் விழித்தது. அதற்காக இரவில் ஒரு குளிசை சேர்ந்தது. இரண்டு கிழமையில் வீடு அமைதியாயிற்று.

காலையில் கதிரையில் இருத்தினால் மாலை வரை அப்படியே இருப்பார். வந்தவர்கள், "மனுசி இப்ப நல்ல அமைதி" என்றார்கள். கனடாவிலிருந்து மகன் தொலைபேசியில், "அம்மா அமைதியா இருக்கிறாவோ?" என்று கேட்டான். "ஓம் அண்ணை" என்றாள் மகள். பல மாதங்களின் பின்னர் அவளும் உறங்கினாள்.

தேர்த் திருவிழா வந்தது. படலையில் நிறைகுடம் வைத்து, தாயையும் கதிரையோடு தூக்கி வந்து இருத்தினார்கள். தேர் வீட்டு வாசலுக்கு நேரே வந்து நின்றது. எல்லோர் கைகளும் தலைக்கு மேல் உயர்ந்தன. தாயின் கைகள் மடியிலேயே கிடந்தன. கடைவாயில் எச்சில் வழிந்தது. மகள் குனிந்து அக்கைகளைச் சேர்த்துக் கும்பிட வைக்கப் பார்த்தாள். அவை மரக்கட்டை போல விறைத்திருந்தன. விட்டதும் கீழே விழுந்தன. பெயரை மறந்தபோதும், பெற்ற மகளை மறந்தபோதும் கும்பிட மறக்காத கை அது. இதை நோய் செய்ததா, குளிசை செய்ததா என்ற வினா அவள் மனதில் அப்போதுதான் முதன்முதலில் எழுந்தது.

மருந்து செய்யும் வேலை

இவ்விடத்தில் மருந்துகளைப் பற்றிச் சிறிது அறிந்து கொள்ளுதல் அவசியமாகும். மறதி நோயை முற்றாக மாற்றும் மருந்து இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. 1996 ஆம் ஆண்டு முதல் பாவனையில் உள்ள டொனெப்பெசில் போன்றவை, மூளையில் நினைவுக்கு உதவும் அசற்றைல்கோலின் என்ற பொருள் விரைவில் அழிந்து போகாமல் காக்கின்றன. இதனால் சிலருக்குச் சிறிது காலம் நன்மை கிடைக்கின்றது. ஆனால் அதே பொருள் வயிற்றிலும், சிறுநீர்ப்பையிலும், இதயத்திலும் வேலை செய்கின்றது. எனவே குமட்டல், வயிற்றோட்டம், பசியின்மை, உடல் மெலிவு, அடிக்கடி சிறுநீர் கழித்தல், நாடித்துடிப்புக் குறைந்து மயங்கி விழுதல் ஆகியவை சிலருக்கு ஏற்படலாம். இரவில் எடுத்தால் பயங்கரக் கனவுகளும் வரலாம். காலையில் எடுக்கும்படி வைத்தியர் மாற்றிக் கொடுத்ததும் இக்கனவுகள் குறைந்தவர்கள் உண்டு.

சிறுநீரைக் கட்டுப்படுத்தும் சில குளிசைகள் இதற்கு நேர்மாறாக அசற்றைல்கோலினின் வேலையைத் தடுக்கின்றன. தடிமனுக்கும் கடிக்கும் பலரும் தாமாகவே வாங்கிப் போடும் குளோபெனிரமினும், நித்திரைக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் அமிற்றிப்ரிலினும் இவ்வகையைச் சார்ந்தவையே. இரண்டையும் ஒருவருக்குச் சேர்த்துக் கொடுப்பது, ஒருவர் கிணற்றில் இருந்து தண்ணீர் அள்ள மற்றவர் அதனைத் திரும்பவும் கிணற்றுக்குள்ளேயே ஊற்றுவதைப் போன்றதாகும். மேற்சொன்ன வீட்டில் நடந்தது இதுதான். முதற் குளிசையின் பக்க விளைவைப் புதிய நோயென்று எண்ணி இரண்டாவது குளிசை வந்தது. இரண்டாவதன் பக்க விளைவை நோய் முற்றியதென்று எண்ணி மூன்றாவது வந்தது.

மூன்றாவது வகையிலேயே கூடிய எச்சரிக்கை தேவை. ரிஸ்பெரிடோன், ஒலன்சப்பின், குவெற்றியப்பின், ஹலோபெரிடோல் முதலியன வேறு கடுமையான மனநோய்களுக்கென வந்த மருந்துகள். மறதி நோயாளர் மிகவும் கலவரப்படும்போது இவை சில வேளைகளில் கொடுக்கப்படுகின்றன. அளவுக்கு மீறிய உறக்கம், உடல் விறைப்பு, நடை தளர்ந்து விழுதல், விழுங்குவதில் சிரமம், பாரிசவாதம் ஆகியன இவற்றால் ஏற்படக்கூடும். 2005 ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. ஏறத்தாழப் பத்து வாரங்கள் நடைபெற்ற அவ்வாய்வுகளில், இம்மருந்து பெற்ற மறதி நோயாளருள் 4.5 வீதமானோர் வரை இறந்திருந்தனர். மருந்தற்ற வெறும் குளிசை பெற்றவர்களுள் இறந்தோர் 2.6 வீதமானோர். 2008 இல் இவ்வகையைச் சேர்ந்த பழைய மருந்துகளுக்கும் இவ்வெச்சரிக்கை விரிவாக்கப்பட்டது. லூயி உடல் மறதி நோய் என்ற ஒருவகை உடையோருக்கு இவை மேலும் ஆபத்தானவை.

அப்படியானால் இவற்றை அறவே விலக்க வேண்டுமா? அதுவும் சரியன்று. இல்லாத உருவங்களைக் கண்டு நடுங்கும் ஒரு முதியவருக்கும், தன்னையோ பிறரையோ தாக்கிக் காயப்படுத்தும் ஒருவருக்கும், வேறு வழிகள் பயன்தராதபோது சிறிய அளவில், சிறிது காலத்துக்கு இம்மருந்து உதவக்கூடும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டி, நான்கு வாரத்தில் பயன் தெரியாவிட்டால் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும்படியும், பயன் தெரிந்தாலும் நான்கு மாதத்துக்குள் குறைத்துப் பார்க்கும்படியும் கூறுகின்றது. தொடங்கிய மருந்தை ஆயுள் முழுவதும் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை.

மூன்று விடைகள்

இத்தகைய வீடுகளில் பொதுவாக மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன. "எல்லாம் அவரவர் வினைப்பயன், நடப்பது நடக்கட்டும்" என்பது முதலாவது. வினைப்பயனை அனுபவிப்பவர் தாயாக இருக்கலாம். ஆனால் குளிசையை எடுத்துக் கொடுக்கும் கை பிள்ளையினுடையது. அந்தக் கை செய்வதும் ஒரு வினையே அல்லவா? ஆகவே ஊழின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ஒதுங்குதல் பொருந்தாது.

"குளிசைதான் ஆளைக் கெடுத்தது, எல்லாவற்றையும் நிற்பாட்டு" என்பது இரண்டாவது. இதில் பாசம் உண்டு, நிதானம் இல்லை. சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் உறக்கமின்மையும் நடுக்கமும் கலவரமும் முன்னையிலும் கூடும். நல்ல பயன் தந்த மருந்தும் அதனோடு சேர்ந்து போய்விடும்.

"அவவுக்கு ஒன்றும் தெரியாதுதானே, அமைதியாக இருந்தால் போதும்" என்பது மூன்றாவது. இதுவே மிகவும் இலகுவாகச் சொல்லப்படுவதும், மிகவும் ஆழமாக ஆராயப்பட வேண்டியதும் ஆகும். அமைதியில் இருவகை உண்டு. பயம் நீங்கியதனால் வரும் அமைதி ஒன்று. பயத்தைச் சொல்ல வலுவில்லாததனால் வரும் அமைதி மற்றொன்று. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். அருகில் இருப்பவர் மட்டுமே வேறுபாட்டை அறிய முடியும். முதல்வகை அமைதியில் முகம் தெளிந்திருக்கும், உணவு இறங்கும், கை கால் இயங்கும். இரண்டாவதில் ஆள் இருந்தும் இல்லாதது போல இருப்பார்.

ஆகவே குளிசையைக் கையில் எடுக்கும்போது பிள்ளை தன் மனச்சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இந்த அமைதி யாருக்காக?

இக்கேள்வி பராமரிப்பவரைக் குற்றவாளியாக்குவதற்கன்று. மூன்று மாதமாக இரவில் உறங்காத ஒரு மகள், விடிந்ததும் பாடசாலைக்குப் போய் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நிற்க வேண்டியவள், தனக்கும் சிறிது உறக்கம் வேண்டுமென விரும்புவது பாவமாகாது. அவள் விழுந்தால் தாயும் விழுவார். ஆனால் "அம்மாவுக்காக" என்று சொல்லித் தனக்காகக் கொடுக்கும் போதுதான் மனம் மயங்குகின்றது. "எனக்கு இயலவில்லை" என்று அவள் வாய்விட்டுச் சொன்னால் அதற்கு வேறு வழிகள் தேடலாம். அண்ணன் உதவலாம், அயலவர் உதவலாம், வைத்தியரும் யோசனை சொல்லலாம். மகளின் களைப்புக்கான மருந்து தாயின் வாயில் போடப்படும்போது இருவருக்கும் சுகம் வராது.

மறைத்துக் கொடுத்தல்

இதனோடு சேர்ந்த இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. குளிசையை மறுக்கும் பெற்றோருக்கு வாழைப்பழத்தினுள்ளோ பால்கஞ்சியிலோ மறைத்துக் கொடுக்கலாமா? பொய்மை தீது என்று கற்பித்த தாய்க்கே பொய் செய்வதா என்று பிள்ளைகள் மனம் புழுங்குவதுண்டு. மறுப்புக்குக் காரணம் என்னவென்று பார்ப்பதே முதல் வேலை. விழுங்கச் சிரமமா, கசப்பா, குமட்டலா? அவர் வாயால் சொல்ல முடியாத பக்க விளைவைத் தலையை ஆட்டிச் சொல்கின்றாரா? காரணம் தெரிந்தால் மறைக்க வேண்டிய தேவையே பல வேளைகளில் இல்லாமற் போகும். அதன் பின்னரும் இன்றியமையாத மருந்தாயின் வைத்தியரின் சம்மதத்துடனேயே அவ்வாறு செய்தல் வேண்டும். மெதுவாகக் கரைவதற்கென ஆக்கப்பட்ட குளிசைகளை நொறுக்கினால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலிற் சேர்ந்து கேடு விளைவிக்கக் கூடும்.

பிள்ளையே நாவாதல்

தேர்த் திருவிழா முடிந்து நான்காம் நாள் அந்த மகள் வீட்டிலிருந்த குளிசைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டாள். கிளினிக் கொப்பி, தனியாரிடம் வாங்கிய துண்டுகள், தடிமனுக்கு வாங்கிய குளிசை, எண்ணெய், லேகியம் எல்லாமே அதில் இருந்தன. எந்தத் திகதியில் எது தொடங்கியது, அதன் பின்னர் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதினாள். எழுதி முடித்தபோது தாயின் கதை அவளுக்கே விளங்கிவிட்டது.

வைத்தியர் அத்தாளை இரண்டு தரம் வாசித்தார். தாயின் நாடியைப் பார்த்தார், நிறையை நிறுத்தார், சிறுநீரைப் பரிசோதித்தார். முதியோரில் சிறுநீர்க் கிருமித்தொற்றும், மலச்சிக்கலும், நீர் குறைவும், சொல்ல முடியாத வலியும்கூடத் திடீர்க் குழப்பத்தை உண்டாக்கும் என்பதை எடுத்துச் சொன்னார். சிறுநீர்க் குளிசை நிறுத்தப்பட்டது. நினைவுக் குளிசை காலை உணவுக்குப் பின்னர் என மாற்றப்பட்டது. இரவுக் குளிசை சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. "கிளினிக்கில் நான் பார்ப்பது பத்து நிமிசம். மற்ற நேரம் எல்லாம் உங்கட கண்தான் டீச்சர் பார்க்கவேணும்" என்றார் அவர்.

பேச முடியாத குழந்தைக்காகத் தாய் பேசினாள். அழுகையைக் கேட்டே அது பசியா, வயிற்றுவலியா என்று பிரித்தறிந்தாள். இப்போது முறை மாறுகின்றது. ஓங்காளம், தள்ளாட்டம், விறைப்பு, உறக்கம் ஆகியன முறையிட வாயற்றவரின் முறைப்பாடுகள். அவற்றைக் கண்டு, திகதியோடு குறித்து, வைத்தியரிடம் சேர்ப்பிக்கும் நாவாகப் பிள்ளை இருத்தல் வேண்டும். கூட்டுவதையும் குறைப்பதையும் வைத்தியரே செய்ய வேண்டும். உள்ளதை உள்ளவாறு சொல்லுதல் பிள்ளையின் பங்கு.

அந்த வீட்டில் அற்புதம் ஒன்றும் நடைபெறவில்லை. மறதி மறதியாகவே இருந்தது. பொழுது பட்டதும் பை திரும்பவும் கைக்கு வந்தது. இப்போது மகள் மறிப்பதில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் வீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "வீடு வந்திட்டுதம்மா" என்பாள். தாயும் நம்பி உள்ளே வருவார். கிழமையில் இரண்டு இரவு மருமகன் விழித்திருக்கின்றார். கனடாவிலுள்ள அண்ணனிடம் மகள் முதன்முறையாக, "அம்மா அமைதியா இல்லை அண்ணை, எனக்கும் ஏலாமல் இருக்கு" என்று உண்மையைச் சொன்னாள். பகலில் துணைக்கு ஒருவரை வைக்க அவன் ஒழுங்கு செய்தான். சில இரவுகளில் தாய் இன்னும் கத்துகின்றார். அத்தகைய இரவுகளுக்கென மிகச் சிறிய அளவு மருந்து இன்னமும் கொப்பியில் உண்டு. அதை எடுக்கும் முன் மகள் தாய்க்குத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கின்றாள், உடுப்பு நனைந்திருக்கின்றதா என்று பார்க்கின்றாள், விளக்கைப் போட்டுப் பக்கத்தில் இருக்கின்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தாயின் முன் ஒரு தட்டில் பூவும் வாழைநாரும் வைத்தாள். விரல்கள் சிறிது நேரம் தேடின. பின்னர் மூன்று பூக்களைத் தொடுத்தன. நான்காவதில் முடிச்சு அவிழ்ந்து போயிற்று. மிகுதியை மகள் கட்டி முடித்துக் கோயிலுக்குக் கொண்டு போனாள்.

கருவியும் கருத்தாவும்

சித்தம், மனம், புத்தி, அகங்காரம் என்பவற்றைச் சைவ சித்தாந்தம் அந்தக்கரணங்கள் என்று கூறும். கரணம் என்றால் கருவி. இவை ஆன்மாவுக்குரிய கருவிகளே அன்றி ஆன்மா அல்ல. விளக்கின் சிமிலியில் கரி படிந்தால் வெளிச்சம் மங்கும். உள்ளே சுடர் இல்லை என்று எவரும் சொல்வதில்லை. மறதி நோயில் பழுதடைவது கருவி. "அவவுக்கு ஒன்றும் தெரியாது" என்று தாயின் முன்னாலேயே பேசுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று. பெயர் தெரியாதவருக்கும் அன்பான தொடுகை தெரிகின்றது, கடுஞ்சொல்லும் தெரிகின்றது.

சித்திரா பூரணையில் தாயை நினைந்து விரதம் இருப்பதும், ஆடி அமாவாசையில் தந்தைக்கு எள்ளும் நீரும் இறைப்பதும் பிதுர்க்கடன் எனப் போற்றப்படுகின்றன. அவை காலந்தவறாது செய்யப்பட வேண்டியவை. ஆனால் அக்கடனின் முதற்பகுதி பெற்றோர் மூச்சோடு இருக்கும் போதே தொடங்கி விடுகின்றது. இரவு பத்து மணிக்குக் குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இது அம்மாவின் அமைதிக்கா, இந்த வீட்டின் அமைதிக்கா என்று ஒரு கணம் நின்று கேட்கும் பிள்ளை அக்கடனைச் செலுத்துகின்றான். விடை சில நாட்களில் தெளிவாக வரும், சில நாட்களில் வராது. கேட்பதை மட்டும் விட்டுவிடலாகாது.

முதியோர் உள்ள இல்லங்கள் தோறும் பொறுமையும், அவர்களைப் பேணுவோருக்கு உடல்வலுவும் உறக்கமும், கலங்கிய உள்ளங்களுக்கு மெய்யான சாந்தியும் கிடைக்க எல்லாம் வல்ல பரம்பொருளின் திருவருள் துணை நிற்பதாக.